பிரவுசருக்கு ஒரு எளிமையான பிரிண்ட் செட்டிங்ஸ் திரை: அடிக்கடி வர்ற கேள்விகள்

பிரவுசர்ல கன்ட்ரோல்-பி அழுத்தினா திறக்குமே ஒரு பெட்டி, அதை வடிவமைக்கறப்போ திரும்பத் திரும்ப என்கிட்ட வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன். வரிசைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, எது வேணுமோ அங்க போங்க. சில பதில் நீளும், சிலது ரெண்டு வரில முடிஞ்சிடும்.

இதுவும் ஒரு செட்டிங்ஸ் திரை தானே, தனியா யோசிக்க என்ன இருக்கு?

மத்த செட்டிங்ஸ்ல தப்பு பண்ணா திரும்பப் போய் மாத்திக்கலாம். இங்க தாள் வெளிய வந்துடுச்சுன்னா வந்ததுதான், அன்டூ கிடையாது. மூணு பக்கம் வேணும்னு நினைச்சவருக்கு நாப்பது பக்கம் வரும், அதுலயும் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், அவர் பிரிண்டர்கிட்ட ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார், நாமளும் அப்படி ஒரு தடவையாவது ஓடியிருப்போம். அதனால இந்தத் திரைக்கு ஒரே ஒரு வேலைதான்: பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே என்ன வரப்போகுது, எத்தனை தாள் போகப்போகுதுன்னு சொல்லிடணும். கீழ இருக்கற பதில் எல்லாத்தையும் நான் இதை வச்சுதான் முடிவு பண்ணேன்.

முதல் பார்வைக்கு எத்தனை ஆப்ஷன் தெரியணும்?

என் கணக்குக்கு ஆறு. எந்த பிரிண்டர், எந்தப் பக்கங்கள், எத்தனை பிரதி, நெடுக்கா குறுக்கா, கலரா கருப்பு வெள்ளையா, முன்னும் பின்னுமா இல்ல ஒரு புறம் மட்டுமா. தாளோட அளவு, ஓரம், ஸ்கேல் (எழுத்தையும் படத்தையும் எத்தனை சதவீதம் சின்னதாக்க, பெருசாக்கங்கறது), ஒரு தாள்ல எத்தனை பக்கம், தலைப்பு வரி, பின்னணி கலர் எல்லாம் "மேலும்"ங்கற மடிப்புக்குள்ள போகட்டும். குரோம்ல முன்னும் பின்னும் போடற ஆப்ஷன் உள்மடிப்புல இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, எழுத்தைச் சின்னதாக்காம தாளைப் பாதியாக்கற ஒரே ஆப்ஷன் அது, அதைப் போய் ஒளிச்சு வைக்கலாமா.

மடிச்சு வைக்கறப்போ ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். போன தடவை யாரோ உள்ள போய் ஸ்கேலை 70% ஆக்கிட்டாங்க, இந்தத் தடவை மடிப்பு மூடியே இருக்கு, எழுத்து ஏன் பொடியா வருதுன்னு யாருக்கும் புரியாது. அதனால உள்ள ஏதாவது வழக்கத்துக்கு மாறா இருந்தா வெளியவே "மேலும், 2 மாற்றம் இருக்கு"ன்னு காட்டணும், பக்கத்துலயே எல்லாத்தையும் பழையபடி ஆக்கற ஒரு சின்ன லிங்க்கும் வைங்க.

பிரிவியூ அவ்ளோ முக்கியமா? சின்னதா ஒரு ஓரத்துல வச்சா போதாதா?

பிரிவியூதான் இந்தத் திரையே, செட்டிங்ஸ் எல்லாம் அதுக்குப் பக்கவாத்தியம். திரையில முக்கால்வாசி இடத்தை அதுக்குக் குடுங்க. இணையப் பக்கத்துக்குன்னு நிலையான நீளம் கிடையாது, ஸ்க்ரோல்ல ஒரே பக்கமா தெரியறது தாள்ல நாலா வருமா பதினாலா வருமான்னு வெட்டிப் பாக்காம பிரவுசருக்கே தெரியாது. அப்புறம் அந்தத் தளத்துக்காரர் பிரிண்டுக்குன்னு தனி சிஎஸ்எஸ் (பக்கம் எப்படித் தெரியணும்னு பிரவுசருக்குச் சொல்ற குறிப்பு) எழுதியிருந்தா மெனு, விளம்பரம் எல்லாம் காணாமப் போய் திரையில பாத்ததுக்கும் தாளுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கும், அது நல்லதுதான், ஆனா முன்னாடியே கண்ணுல படணும்.

ஆப்ஷனை மாத்தினா உடனே பிரிவியூ மாறணும். "அப்ளை" பட்டன் எல்லாம் வேண்டாம்.

பெரிய பக்கம்னா பிரிவியூ வர நேரம் ஆகுதே, அப்போ?

பழைய பிரிவியூவை அழிச்சிட்டு சுத்தற வட்டத்தைக் காட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பழையதையே கொஞ்சம் மங்கலாக்கி அப்படியே வச்சிருங்க, புதுசு தயாரானதும் மாத்துங்க. முதல் ரெண்டு மூணு பக்கம் ரெடியானதுமே காட்டிடலாம், மொத்த எண்ணிக்கை மட்டும் "கணக்கிடுது"ன்னு நிக்கட்டும். ஸ்கேல் பெட்டில ஒருத்தர் 85ன்னு அடிக்கறார்னா 8 அடிச்சதுமே ஓடிப்போய் 8%க்கு வரையக் கூடாது, கை நின்னு கால் செகண்டு கழிச்சு வரைங்க. இன்னொண்ணு, அவர் 7ஆம் பக்கத்தைப் பாத்துட்டு இருக்கறப்போ ஓரத்தை மாத்தினா பிரிவியூ 1ஆம் பக்கத்துக்குத் துள்ளி ஓடக் கூடாது. சின்ன விஷயம்தான், ஆனா இதுலதான் ஆளுங்களுக்கு எரிச்சல் வருது.

பிரிவியூ முழுசா வரும்வரைக்கும் பிரிண்ட் பட்டனை முடக்கணுமான்னும் கேக்கறாங்க. நான் முடக்க மாட்டேன். தினமும் ஒரே மாதிரி ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுக்கறவருக்கு பிரிவியூ தேவையே இல்ல, அவர் கன்ட்ரோல்-பி, என்டர்னு போயிட்டே இருப்பார். அழுத்தினதை வாங்கி வச்சுட்டு, தயாரானதும் அனுப்பிடுங்க.

எத்தனை பக்கம்னு காட்டணுமா, எத்தனை தாள்னு காட்டணுமா?

தாள். ஆளு பயப்படறது தாளுக்குத்தான். பட்டனுக்குப் பக்கத்துலயே "3 தாள் போகும்"னு எழுதுங்க, ஆப்ஷனை மாத்தறப்போ அந்த எண் மாறறதைப் பாத்தே பாதிப் பேர் கத்துக்குவாங்க, முன்னும் பின்னும்னு டிக் பண்ணதும் 10 தாள் 5 ஆகுதுன்னா அதுக்கு மேல விளக்கம் எதுக்கு.

இந்தக் கணக்குல ஒரு குழி இருக்கு, நானே விழுந்திருக்கேன். 5 பக்கம், முன்னும் பின்னும், 3 பிரதி. மொத்தம் 15 பக்கம், ரெண்டால வகுத்து மேல ஏத்தினா 8 தாள்னு போட்டேன். தப்பு. ஒவ்வொரு பிரதியும் புது தாள்ல ஆரம்பிக்கணும், அதனால ஒரு பிரதிக்கு 3 தாள், மூணு பிரதிக்கு 9. முதல்ல ஒரு பிரதிக்குக் கணக்குப் போட்டு முழு எண் ஆக்கிட்டு அப்புறம்தான் பெருக்கணும். ஒரு தாள்ல ரெண்டு பக்கம்னு சேர்த்தாலும் அதே வழிதான், 10 பக்கம், ஒரு புறத்துக்கு 2, முன்னும் பின்னும்னா ஒரு தாளுக்கு 4 பக்கம், ஆக 3 தாள்.

பிடிஎஃப்பா சேமிக்கறதை எங்க வைக்கறது?

பிரிண்டர் பட்டியல்லயே வைங்க, ஆளுங்க அங்கதான் தேடறாங்க, பழகிட்டாங்க. ஆனா அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை மாறணும்: பட்டன்ல "அச்சிடு" போய் "சேமி" வரணும், பிரதி, முன்னும் பின்னும் ரெண்டும் மறையணும், தாள் எண்ணிக்கை பக்க எண்ணிக்கையா மாறணும். தாளோட அளவு மட்டும் இருக்கணும், ஏன்னா பிடிஎஃப்லயும் பக்கத்துக்கு ஒரு அளவு உண்டு, நாளைக்கு அதை வேற யாராவது பிரிண்ட் போடுவாங்க.

பிரிண்டர் எது, பிடிஎஃப் எதுன்னு கவனிக்காம அழுத்திட்டு பிரிண்டர் முன்னாடி போய் நின்னு காத்திருக்கறவங்க நிறைய. பட்டன் வார்த்தை மாறறது அதுக்காகத்தான்.

பிரிண்டர்ல இல்லாத வசதியை மறைக்கணுமா, மங்கலாக்கி வைக்கணுமா?

மங்கலாக்கி, பக்கத்துலயே காரணமும் சொல்லணும். "இந்த பிரிண்டர்ல கலர் இல்ல"ன்னு ஒரு வரி. மறைச்சிட்டா நேத்து இருந்தது இன்னைக்கு எங்கன்னு தேடுவாங்க, பிரிண்டரை மாத்தற ஒவ்வொரு தடவையும் வரிசை மேலயும் கீழயும் குதிக்கும். பிடிஎஃப்க்கு மட்டும் மறைக்கச் சொன்னேனேன்னு கேப்பீங்க, அது வேற, அங்க பிரதிங்கற பேச்சுக்கே அர்த்தம் இல்ல.

பிரிண்டரோட வசதி என்னன்னு பிரவுசருக்கு எப்படித் தெரியும்னா, அது பிரிண்டரையோ இயங்குதளத்தையோ கேட்டுத்தான் தெரிஞ்சுக்குது. நெட்வொர்க் பிரிண்டர்கள் பேசற ஐபிபிங்கற நெறிமுறைல இந்தக் கேள்வி பதிலுக்கே இடம் இருக்கு, என்னென்ன தாள், கலர் உண்டா, எந்தப் புறம்னு பிரிண்டரே பட்டியல் குடுக்கும். தூங்கிட்டு இருக்கற பிரிண்டர் எழுந்து பதில் சொல்ல சில செகண்டு ஆகலாம். அதுக்காகத் திரையை வெறுமையா வச்சுட்டு நிக்காதீங்க, போன தடவை அந்த பிரிண்டர் சொன்னதை வச்சு பிரிவியூவைப் போட்டுடுங்க, பதில் வந்ததும் திருத்திக்கலாம்.

ஏ4, லெட்டர் குழப்பத்தை எப்படித் தீர்க்கறது?

ஏ4ன்னா 210 × 297 மிமீ, அமெரிக்காவுல புழங்கற லெட்டர்னா 8.5 × 11 அங்குலம், அதாவது 215.9 × 279.4 மிமீ. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா லெட்டர் கிட்டத்தட்ட 6 மிமீ அகலம் ஜாஸ்தி, 18 மிமீ உயரம் கம்மி. லெட்டருக்குன்னு வெட்டின பக்கத்தை அளவு மாத்தாம ஏ4ல போட்டா பக்கவாட்டுல நெருக்கும், ஏ4க்கு வெட்டினதை லெட்டர்ல போட்டா கடைசி வரி போயிடும். பிரிண்டர் எந்தத் தாளைத் தன்னோட வழக்கமான தாள்னு சொல்லுதோ அதையே எடுத்துக்கறதுதான் பாதுகாப்பு, பிரவுசரோட மொழியை வச்சு ஊகிக்காதீங்க, இங்கிலீஷ்ல பிரவுசர் வச்சிருக்கறவங்க எல்லாரும் லெட்டர் பயன்படுத்தறவங்க கிடையாது. பட்டியல்ல பேரோட அளவையும் எழுதுங்க, பிரிண்டர் நாப்பது வகை உறை, ஃபோட்டோ தாள்னு அனுப்பினா அதை அப்படியே கொட்டாம அடிக்கடி பயன்படறதை மேல வைங்க.

ஸ்கேல் ஆப்ஷன் இல்லாமயே விட்டுடலாமா?

விட முடியாது, ஆனா எண் பெட்டியா முதல்ல காட்ட வேண்டாம். "தாளோட அகலத்துக்குப் பொருத்து"ங்கறது இயல்பா இருக்கணும், அதுக்குக் கீழ "நானே அளவு தர்றேன்"னு இன்னொண்ணு.

ஏன் இது அவசியம்னு ஒரு கணக்கு. சிஎஸ்எஸ்ல ஒரு அங்குலம்னா 96 பிக்சல். ஏ4 தாள்ல ரெண்டு பக்கமும் 10 மிமீ ஓரம் விட்டா மிச்சம் 190 மிமீ, அது சுமார் 718 பிக்சல். ஒரு தளத்துல அட்டவணை 1200 பிக்சல் அகலத்துல இறுகிக் கிடக்குதுன்னா அதைத் தாள்ல அடக்க கிட்டத்தட்ட 60%க்குக் குறைக்கணும். 16 பிக்சல் எழுத்து தாள்ல 12 பாயின்ட், 60%ல அது 7 பாயின்ட் சொச்சம் ஆகிடும், கண்ணாடி போட்டாலும் கஷ்டம். இங்க திரை சும்மா இருக்கக் கூடாது, "எழுத்து ரொம்பச் சின்னதா வரும், குறுக்கா போட்டுப் பாக்கலாமா?"ன்னு ஒரே கிளிக்ல மாத்தற மாதிரி கேக்கணும். தடுக்கக் கூடாது, கேக்கணும். சில பேருக்கு ஒரே தாள்ல அடங்கினா போதும், எழுத்து எறும்பு மாதிரி இருந்தாலும் சரி.

தளத்துக்காரரே சிஎஸ்எஸ்ல தாள் அளவும் திசையும் சொல்லியிருந்தா யார் பேச்சைக் கேக்கறது?

திசையைப் பொறுத்தவரை தளத்துக்காரர் பேச்சு. குறுக்கா வடிவமைச்ச சான்றிதழை நெடுக்கா போட்டா அசிங்கமா இருக்கும். குரோம் இந்த மாதிரி நேரத்துல திசை ஆப்ஷனையே எடுத்துடுது, ஆப்ஷன் எங்க போச்சுன்னு கேக்கறவங்க பாதிப் பேர் இதனாலதான் கேக்கறாங்க. நான் மேல சொன்ன மாதிரி மங்கலா வச்சு "இந்தப் பக்கமே குறுக்குன்னு சொல்லியிருக்கு"ன்னு எழுதிடுவேன். தாள் அளவு வேற கதை, பிரிண்டர்ல இருக்கற தாள்தான் உண்மை, தளம் என்ன கேட்டாலும் அந்தத் தாளுக்குள்ள பொருத்திக் குடுக்கணும்.

ஓரம், தலைப்பு வரி, பின்னணி கலர் பத்தி?

ஓரத்துக்கு வழக்கமானது, குறைஞ்சபட்சம், இல்லவே இல்ல, நானே தர்றேன்னு நாலு போதும். "இல்லவே இல்ல"ன்னு தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலான பிரிண்டரால தாளோட விளிம்பு வரைக்கும் அச்சடிக்க முடியாது, சில மிமீ விட்டுத்தான் ஆகணும், அந்தப் பட்டையை பிரிவியூல லேசா கோடு போட்டுக் காட்டினா வெட்டுப்படறது முன்னாடியே தெரியும். தேதி, தலைப்பு, முகவரி, பக்க எண் வர்ற அந்த வரிகள் ஓரத்துக்குள்ளதான் உக்காருது, ஓரத்தை எடுத்தா அதுவும் போயிடும், ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரியற மாதிரி பக்கத்துப் பக்கத்துல வைங்க. முகவரி வரியைப் பத்தி இன்னொரு எச்சரிக்கை, சில முகவரில தேடின வார்த்தை, கணக்கு எண் எல்லாம் ஒட்டிட்டு இருக்கும், தாளை யார்கிட்டயோ குடுக்கறப்போ அதுவும் சேர்ந்து போகும்.

பின்னணி கலர் இயல்பா அணைச்சே இருக்கட்டும், மை மிச்சம். ஆனா கலர் கட்டங்களாலயே அர்த்தம் சொல்ற வரைபடம் இருந்தா அது வெள்ளையாப் போயிடும். தளத்துக்காரர் நினைச்சா சிஎஸ்எஸ்லயே "இந்தக் கலரை விடாதே"ன்னு சொல்ல வழி இருக்கு, பல பேர் சொல்றதில்ல.

பக்க எண் பெட்டி எப்படி இருக்கணும்?

எல்லாம், இப்போ பிரிவியூல பாக்கற பக்கம் மட்டும், நானே எழுதறேன்னு மூணு. ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா அதிகமா தேவைப்படறது அதுதான். எழுதற பெட்டில "2-5, 8" மாதிரி ஒரு உதாரணம் மங்கலா தெரியணும். இடைவெளி விட்டாலும், நீளமான கோடு போட்டாலும், "8-"ன்னு பாதில நிறுத்தினாலும் புரிஞ்சுக்கணும், "8-"னா 8லேர்ந்து கடைசி வரை. 5 பக்கம்தான் இருக்கு, 9ன்னு அடிச்சா "மொத்தம் 5 பக்கம்தான் இருக்கு"ன்னு சொல்லுங்க, "தவறான உள்ளீடு"ன்னு திட்டாதீங்க. அதுவும் அவர் அடிச்சு முடிக்கற வரைக்கும் பொறுங்க, "1-" அடிச்சதுமே பெட்டி சிவப்பாகறது அநியாயம்.

போன தடவை வச்ச செட்டிங்ஸை ஞாபகம் வச்சுக்கணுமா?

சிலதை மட்டும். பிரிண்டர், தாள் அளவு, கலர், முன்னும் பின்னும் இதெல்லாம் ஆளோட பழக்கம், வச்சுக்கலாம், அதுவும் பிரிண்டருக்குப் பிரிண்டர் தனித்தனியா. பிரதி எண்ணிக்கை, பக்கங்கள், ஸ்கேல், திசை இதெல்லாம் அந்தப் பக்கத்தோட விஷயம், பெட்டியை மூடினதும் மறந்துடணும். நான் முதல்ல செஞ்ச ஒரு திரைல எல்லாத்தையும் ஞாபகம் வச்சேன், எவ்ளோ வசதின்னு பெருமை வேற. காலைல ஒருத்தர் 20 பிரதி எடுத்துட்டுப் போயிருக்கார், மதியம் அதே கணினில இன்னொருத்தர் 12 பக்கத்தை அனுப்பினார். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

தமிழ்ல லேபிள் எழுதறப்போ ஏன் குழப்பமாவே வருது?

"பக்கம்"ங்கற ஒரே சொல் மூணு வேலை செய்யுது. 5ஆம் பக்கம்னா ஆவணத்தோட பக்கம். தாளோட ரெண்டு பக்கம்னா முன்புறம் பின்புறம். ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம்னா சின்னதாக்கி அடுத்தடுத்து ரெண்டு. "இரண்டு பக்கம்"னு ஒரு லேபிள் இருந்தா இதுல எதுன்னு சத்தியமா தெரியாது, எழுதினவருக்கே ஒரு வாரம் கழிச்சு தெரியாது. நான் வச்சிருக்கற ஒழுங்கு இது: ஆவணத்துக்கு மட்டும் "பக்கம்", காகிதத்துக்கு "தாள்", புரட்டறதுக்கு "முன்னும் பின்னும்". "அளவு"ம் இதே மாதிரி, தாள் அளவு, ஸ்கேல் ரெண்டுக்கும் அதையே போட்டுட்டா போச்சு, ஒண்ணுக்கு "தாள் அளவு"ன்னு முழுசா எழுதுங்க, இன்னொண்ணுக்கு "சிறிதாக்கு பெரிதாக்கு" மாதிரி வினைச்சொல்லா வைங்க. "நகல்"னா சில பேருக்குப் போலிங்கற ஞாபகம் வருது, "பிரதி" நல்லா இருக்கு.

இங்கிலீஷ் லேபிளுக்கு அளவெடுத்து வச்ச இடத்துல தமிழ் பத்தாது, மூணு புள்ளி வச்சு வெட்டிடும், எழுத்துக்கு மேல வர்ற புள்ளிக்கும் சுழிக்கும், கீழ இறங்கற வாலுக்கும் இடம் வேணும். வார்த்தை ரெண்டு வரியா மடியட்டும், வெட்டாதீங்க.

முன்னும் பின்னும் போடறப்போ நீள விளிம்பு, குட்டை விளிம்புன்னு கேக்குதே, அதை எப்படி எளிமையாக்கறது?

யாருக்கும் அந்த வார்த்தை புரியாது. "புத்தகம் மாதிரி புரட்ட", "காலண்டர் மாதிரி மேல தூக்க"ன்னு எழுதி சின்னதா படம் போடுங்க. இயல்பா புத்தகம்.

கீபோர்டுலயே எல்லாம் செய்ய முடியணுமா?

ஆமா, கண்டிப்பா. திறந்ததும் ஃபோகஸ் (கீபோர்டுல அழுத்தறது எதுக்குப் போகுதோ அந்த இடம்) பிரிண்ட் பட்டன்ல, என்டர்னா அனுப்பு, எஸ்கேப்னா மூடு, மூடினதும் ஃபோகஸ் இணையப் பக்கத்துல முன்னாடி இருந்த இடத்துக்கே திரும்பணும். பக்க எண் பெட்டில தப்பு இருக்கறப்போ என்டர் அடிச்சா அனுப்பக் கூடாது, அந்தப் பெட்டிக்கே கொண்டு போகணும். பிரிவியூ பாக்க முடியாதவங்களுக்கு தாள் எண்ணிக்கைதான் பிரிவியூ, அது மாறறப்போ ஸ்க்ரீன் ரீடர் தானா வாசிக்கணும், ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் வாசிச்சு உயிரை வாங்காம கை நின்னதும் ஒரு தடவை.

நம்ம திரைல இல்லாத ஆப்ஷன் யாருக்காவது வேணும்னா?

கீழ சின்னதா "கணினியோட சொந்த பிரிண்ட் பெட்டி"ன்னு ஒரு லிங்க். ஸ்டேபிள் அடிக்கறது, எந்தத் தட்டுல இருக்கற தாள், பின் நம்பர் போட்டு எடுக்கறது எல்லாம் பிரிண்டர் கம்பெனிக்காரங்களோட பெட்டில இருக்கும், நாம அதையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டாம். குரோம்ல கன்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அடிச்சா நேரா அங்கதான் போகும். இந்த லிங்க் இருக்கற தைரியத்துலதான் மேல ஆறோட நிறுத்த முடியுது.

தாள் செலவு பண்ணாம இதை எப்படி சோதிக்கறது?

பாதி சோதனை பிடிஎஃப்லயே முடிஞ்சிடும். தளத்தோட பிரிண்ட் சிஎஸ்எஸ் மட்டும் பாக்கணும்னா குரோமோட டெவலப்பர் டூல்ஸ்ல பிரிண்ட் மாதிரி காட்டுன்னு சொல்ற வசதி இருக்கு. ஆனா ஆளுங்களை வச்சு சோதிக்கறப்போ உண்மையான பிரிண்டர் வேணும். நாலஞ்சு பேரைக் கூப்பிட்டு "இந்தக் கட்டுரைல படம் இருக்கற பக்கம் மட்டும், கருப்பு வெள்ளைல, ரெண்டு பிரதி"ன்னு ஒரு வேலை குடுத்துட்டு வாயை மூடிட்டு உக்காருங்க. பட்டனை அழுத்தறதுக்கு ஒரு நொடி முன்னாடி நிறுத்தி, "எத்தனை தாள் வரும்னு நினைக்கறீங்க?"ன்னு கேளுங்க. அவர் சொன்ன எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போகலன்னா திரைல எங்கயோ பொய் இருக்கு.

அழுத்தினதுக்கு அப்புறம் என்ன காட்டணும்?

"பிரிண்டருக்கு அனுப்பியாச்சு, 3 தாள்". "அச்சாயிடுச்சு"ன்னு போடாதீங்க, வேலையை வரிசைல சேர்க்கறதோட பிரவுசரோட பங்கு முடிஞ்சுது, தாள் சிக்கியிருக்கா, மை தீர்ந்துடுச்சான்னு அதுக்குப் பெரும்பாலும் தெரியாது. எந்த பிரிண்டருக்குப் போச்சுங்கற பேரையும் அந்த வரிலயே சேர்த்துடுங்க, மாடில இருக்கற பிரிண்டருக்கு அனுப்பிட்டு கீழ நின்னு காத்திருக்கறவருக்கு அது போதும்.